செயலமர்வு முடிந்த பிறகு

உளவளத்துணையைக் கற்பிக்க ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஈச்சிலம்பற்றில் கூட இருந்து பழக்கிவிட யார் இருக்கிறார்கள்?

கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன. சுவரில் ஒட்டிய பெரிய தாளில் 'நல்ல செவிமடுப்பாளரின் பண்புகள்' என்று நீல மார்க்கரால் எழுதி, அதன் கீழே ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்டிருக்கிறார்கள். வரவுப் பதிவு கைமாறிப் போகிறது: பெயர், பதவி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். பத்தரைக்குப் பால் தேத்தண்ணியும் ரோல்ஸும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில் நடிப்புப் பயிற்சி. ஒருவர் சேவை பெறுநர், மற்றவர் உளவளத்துணையாளர். சேவை பெறுநராக வந்தவர் அழப் பார்ப்பார், சிரிப்பு வந்துவிடும். மண்டபம் முழுக்கச் சிரிக்கும். மூன்றாம் நாள் மாலை சான்றிதழும் குழுப்படமும். வளவாளர் வந்த ஹயேஸ் வான் இருட்டுவதற்குள் திருகோணமலை வீதியில் ஏறிவிடும்.

ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் எந்தப் பிரதேச செயலகப் பிரிவிலும் காணக்கிடைத்த காட்சி இது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகல் ஆறு கடலைத் தொடும் பக்கமாகக் கிடக்கும் ஈச்சிலம்பற்றும் விலக்கல்ல. சான்றிதழ்கள் பிளாஸ்டிக் கோப்புக்குள் சேர்கின்றன. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த இளம் அலுவலர் ஒரு வீட்டு வாசலில் நிற்பார். உள்ளே ஒருவர் உண்மையாகவே அழுதுகொண்டிருப்பார். பத்துப் பண்புகளில் எது முதலில்?

அந்தக் கேள்விக்குச் செயலமர்வு பதில் சொல்வதில்லை. பதில் வேறொரு வழியில்தான் வந்து சேரும். ஏற்கெனவே இப்படிப் பல வாசல்களில் நின்று தடுமாறிய ஒருவர், வாரமோ மாதமோ ஒருமுறை எதிரே இருந்து, "சரி, என்ன நடந்தது? முதலில் இருந்து சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். உளப்பகுப்பாய்வு உலகம் நூறு ஆண்டுகளாகச் செய்துவரும் காரியம் இது. நமது ஊர்களில் அதிகம் விடுபட்டிருப்பதும் இதுதான்.

மூன்று ஆண்டுக்குள் இரண்டு முறை

2004 சித்திரையில் வெருகல் ஆற்றின் இரு கரைகளிலும் நின்று புலிகள் இயக்கத்தின் இரு அணிகளும் மோதிக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பர் 26 கடல் வந்தது. கரையோரம் இருந்தவர்கள் கூடாரத்துக்குப் போனார்கள். தகரக் கொட்டில் கல்வீடாவதற்குள் 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டு மறுபடி போர் தொடங்கியது. மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்த சனம் மூட்டை முடிச்சோடு தெற்கே வாகரைக்கு ஓடியது. ஆற்றுக்கு அப்பால் கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது அந்த நவம்பர் 8ஆம் திகதி எறிகணைகள் விழுந்தன. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்கள் காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் மட்டக்களப்பை அடைந்தார்கள். 2007இல் மீள்குடியேற்றம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2006இல் எட்டு வயதாக இருந்த பிள்ளை இன்று அதே பிரதேசத்தில் அரச அலுவலராக இருக்கும் வயதுக்கு வந்துவிட்டது. மற்றவர் கதையைக் கேட்கப் போகும் அந்த ஆளிடமும் அதே வீதியின், அதே காட்டு வழியின் கதை இருக்கிறது. இதற்குப் பின்னால் திரும்ப வருவோம்.

பெட்டிச் செய்தி: எண்களில்

• 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அன்று உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று.
• ஆழிப்பேரலைக்கு முன் நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் பத்தில் மட்டுமே உளநலச் சேவைக் கட்டமைப்பு இருந்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுத்தபோது அது 20.
• தேசிய உளநலக் கொள்கை வந்த ஆண்டு 2005.
• 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரில் திறக்கப்பட்டது.

அலை கொண்டுவந்த பயிற்றுநர்கள்

கடல் வடிந்த கையோடு வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். நல்ல மனத்தோடு வந்தவர்களே அதிகம். ஆனால் பலர் கையில் இருந்தது அறிகுறிப் பட்டியல்: தூக்கமின்மை, திடுக்கிடல், கெட்ட கனவு, சம்பவத்தைத் தவிர்த்தல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலின் ஓர் அத்தியாயமே இந்தப் படையெடுப்பைப் பற்றியது. இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வை அவர் அதில் எடுத்துக்காட்டுகிறார். இங்குள்ளவர்கள் தமக்கு நேர்ந்ததை மனத்துக்குள் நிகழ்ந்த சேதமாகச் சொல்வதை விட, குடும்பத்திலும் ஊரிலும் தமக்கிருந்த இடம் போய்விட்டதாகவே சொன்னார்கள் என்பது அந்த ஆய்வின் சாரம். தாயாக இருந்தவள் யாருக்குத் தாய்? மீனவனாக இருந்தவன் வள்ளமில்லாமல் யார்? பட்டியலில் இதற்குப் பெட்டி இல்லை.

நடந்ததை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்லவைத்து ஆற்றிவிடும் முறை அப்போது பரவலாக இருந்தது. அது பயன் தருவதில்லை என்று ஆழிப்பேரலைக்கு முன்பே ஆய்வுகள் சொல்லிவிட்டன. பிரித்தானியாவில் வீதி விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2000இல் வந்தது. தொடக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தவர்களில், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களே மூன்று ஆண்டுக்குப் பிறகும் மோசமான நிலையில் இருந்தார்கள். கிழக்குக் கரையில் இறங்கிய எல்லோரும் அதைப் படித்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை.

குழப்பத்தை நேராக்க முயன்றவர்களும் இருந்தார்கள். மட்டக்களப்பில் ஆனந்த கலப்பத்தி முதலானோர் 'மாங்குரோவ்' என்ற வலையமைப்பைத் தொடங்கி, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒழுங்குபடுத்தினார்கள். அவருக்கு 2008இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் பன்னாட்டு உதவி நிறுவனங்களின் கூட்டுக் குழு, அவசர காலங்களில் உளநலப் பணிக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 'செய்யக் கூடாதவை' பட்டியலில் தனித்த, தொடர்ச்சியற்ற குறும்பயிற்சியும் இருக்கிறது. சிக்கலான உளவியல் வேலைக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவதென்றால் பயிற்சிக்குப் பின் மேற்பார்வை கட்டாயம் என்கிறது அது. 2007இலேயே எழுத்தில் வந்துவிட்ட விடயம். ஆனாலும் குழுப்படம் எடுப்பது நின்றபாடில்லை.

பெர்லினில் போட்ட அத்திவாரம்

மேற்பார்வை என்ற ஏற்பாட்டுக்கு வயது நூறுக்கு மேல். 1920 பெப்ரவரியில் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலானோர் பெர்லினில் ஓர் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார்கள். வசதியற்றவர்களுக்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது. சிகிச்சை அளிக்க ஆட்கள் வேண்டியிருந்ததால் பயிற்சியும் அங்கேயே ஒழுங்குக்கு வந்தது. பயிலுநர் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். கோட்பாட்டு வகுப்புக்குப் போக வேண்டும். தன் நோயாளியைப் பற்றி மூத்த ஒருவரிடம் அமர்வுக்கு அமர்வு ஒப்புவிக்க வேண்டும். உலகின் பெரும்பாலான பயிற்சிக் கழகங்கள் இன்றும் இந்த மூன்று காலில்தான் நிற்கின்றன.

இந்தியாவில் இதே வேலையை ஆசான் இல்லாமலே தொடங்கியவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கடிதத்திலேயே உறவு. பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு விஷ்ணு சிலை போனது. சிலை அனுப்பிய பக்தியோடு கருத்து முரணும் இருந்தது. தந்தையிடம் மகன் கொள்ளும் அச்சத்தைப் பற்றிய பிராய்டின் விளக்கம் தன் வங்காள நோயாளிகளிடம் அப்படியே பொருந்தவில்லை என்று போஸ் எழுதினார். பிராய்ட் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. கடிதங்களும் நிற்கவில்லை.

எரிக்சன் வீட்டுக்கு வந்தபோது

ஆசான் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தெற்காசியாவில் நன்கு பதிவான கதை உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கரினுடையது. அவர் பொறியியல் படித்தவர். 1964இல் அகமதாபாத்தில் எரிக் எரிக்சனைச் சந்தித்தார். காந்தியைப் பற்றிய ஆய்வுக்காக வந்திருந்தவர் எரிக்சன். ஓவியராக அலைந்து, வியன்னாவில் அனா பிராய்டிடம் பயிற்சி பெற்று, பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமலே ஹார்வார்டில் பேராசிரியரானவர். அந்தப் பழக்கம் கக்கரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. ஹார்வார்டில் எரிக்சனின் பாடத்துக்குத் துணையாக இருந்துவிட்டு, 1971இல் பிராங்பர்ட் சிக்மண்ட் பிராய்ட் கழகத்தில் முறையான பயிற்சிக்குச் சேர்ந்தார்.

எரிக்சனிடம் கற்றதற்குப் பாடத்திட்டம் இல்லை. எரிக்சன் எப்படி வேலை செய்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் பாடம். 1969இல் வந்த காந்தி நூலின் நடுவே எரிக்சன் திடீரென்று நிறுத்திவிட்டு, காலமான காந்திக்கே ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். நீங்கள் அகிம்சை பேசினீர்கள், ஆனால் நெருங்கியவர்களிடம் கடுமை காட்டினீர்களே என்று தர்க்கம் செய்கிறார். மதிப்பவரோடு முரண்படலாம், முரண்பட்ட பிறகும் மதிக்கலாம் என்பதை வகுப்பெடுத்துச் சொல்ல முடியாது. ஒருவர் அதைச் செய்யும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிராங்பர்ட்டில் மறுபக்கம் தெரிந்தது. கக்கரின் பகுப்பாய்வு ஜெர்மன் மொழியில் நடந்தது. கூட்டுக் குடும்பம், பல தாய்மார் கையில் வளர்தல், தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்படுதல் எல்லாம் எதிரே இருந்தவருக்கு அந்நியம். ஆசானுக்குப் புரியாத பகுதியைத் தானே மெல்ல மெல்லப் பேசாமல் விட்டுவிட்டதைக் கக்கர் பிற்காலத்தில் எழுதினார். வெளிப்படையாக யாரும் தடுக்கவில்லை. கேட்பவரின் முகத்தில் தெளிவு வராத இடங்களைச் சொல்பவரே கத்தரித்துவிடுகிறார். 2024 ஏப்ரலில் கோவாவில் காலமாகும் வரை கக்கர் எழுதிய பல நூல்களில் இந்த விடுபட்ட பகுதியை மீட்கும் முயற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் வைத்து நடத்திய செயலமர்வுகளில் ஈச்சிலம்பற்றுப் பெண்கள் எதையெல்லாம் கத்தரித்திருப்பார்கள்? கோயிலில் கேட்ட வாக்கை வெள்ளைக்கார மிஸ்ஸிடம் எவள் சொல்லியிருப்பாள்? மானுடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் பதிவு செய்தது அதைத்தான். பிள்ளை காணாமற்போன தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் போய், அவன் இருக்கிறானா இல்லையா என்று கேட்டார்கள். பேசவே பயந்த காலத்தில் அழுவதற்கு அந்த முற்றம் இடம் தந்தது.

மாட்டைப் பற்றிய ஒரு மணித்தியாலம்

மேற்பார்வையில் உள்ளபடி என்னதான் நடக்கிறது? பல இடங்களில் நடப்பதைச் சேர்த்துச் செய்த ஒரு மாதிரி உரையாடல் இது. இளம் அலுவலர் ஒருவர், மகனை இழந்த தாயின் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்.

"அந்தம்மா மகனப் பத்தி ஒண்டுமே கதைக்கல்ல சேர். ஒரு மணித்தியாலமும் மாட்டப் பத்தித்தான் கதை."

"என்ன சொன்னா மாட்டப் பத்தி?"

"வாகரைக்கு ஓடக்குள்ள அவிழ்த்து விட்டுட்டுப் போனதாம். திரும்பி வந்து பாத்தா இல்லயாம். யாரும் பிடிச்சிருப்பாங்க, செத்திருக்காது எண்டு சொல்றா. நான் மகனப் பத்திக் கேட்டன். உடன எழும்பித் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா."

"அந்த நேரம் ஏன் கேட்டீங்க, பிள்ளை?"

"நேரம் போகுது... படிவத்தில மகன்ட விசயம் எழுதணும்..."

"ஆருக்கு அவசரம்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எனக்குத்தான் சேர். எங்கட மாட்டையும் அப்பா அப்பிடித்தான் அவிழ்த்து விட்டவர்."

மூத்தவர் இங்கே கோட்பாடு எதுவும் பேசவில்லை. மாடு என்பது மகன்தான் என்று வியாக்கியானமும் செய்யவில்லை. 'செத்திருக்காது' என்ற சொல் யாரைப் பற்றியது என்பதை அலுவலரே வீட்டுக்குப் போகும் வழியில் கண்டுபிடித்துக்கொள்வார். அந்தத் தாய் மாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஏன் தனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்பதும் விளங்கும். அடுத்த முறை மாட்டின் நிறம் என்ன என்று கேட்பார்.

1912இல் பிராய்ட் மருத்துவர்களுக்கு எழுதிய அறிவுரையில் இதன் வேர் இருக்கிறது. எதையும் குறிவைத்துத் தேடாதே, எல்லாவற்றையும் ஒரே அளவில் கேள், அமர்வின்போது குறிப்பு எழுதாதே என்றார். குறிவைத்தால் ஏற்கெனவே தெரிந்ததுதான் அகப்படும். படிவத்தோடு போகிறவருக்கு இது முடியாத காரியம். படிவத்தை ஒழிக்கவும் முடியாது. படிவத்துக்கும் ஆளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பேச ஓரிடம் இருந்தால் போதும். 1955இல் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹரல்ட் சேர்ல்ஸ் இன்னொன்றைக் கவனித்தார். நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே நடப்பது சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலும் அப்படியே மறுபடி அரங்கேறும். அந்தத் தாய் எழும்பிப் போனது போலவே இந்த அலுவலரும் ஒரு கட்டத்தில் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார். அனுபவசாலி அதைக் கண்டிக்க மாட்டார். அதையே செய்தியாக எடுத்துக்கொள்வார்.

நம்மிடையே இருந்த ஆசான்கள்

கிழக்கில் முறையான உளப்பகுப்பாய்வுக் கழகம் கிடையாது. வாரம் நாலைந்து அமர்வு என்று ஆண்டுக்கணக்கில் பகுப்பாய்வுக்கு உட்படும் வசதியும் இல்லை. ஆனால் ஆசான்கள் இருந்தார்கள். மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவி பவுல் சற்குணநாயகம் உளவளத்துணை நிலையம் ஒன்றை நடத்தினார். 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து அவர் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணிலும் கதையிலும் ஒன்றாக விளையாடினார்கள். ஆழிப்பேரலைக்கு முன்பிருந்தே உளமருத்துவர் மகேசன் கணேசன் அந்த மாவட்டத்தில் வைத்தியசாலையைத் தாண்டிக் கிராமத்துக்குள் சேவையைக் கொண்டுபோனார்.

வடக்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் வேலை தனியே சொல்ல வேண்டியது. 1998இல் வந்த அவரது ஆங்கில நூல் போர் தமிழ் மனங்களில் விட்ட வடுக்களைப் பதிந்தது. 'மனவடு' என்ற தமிழ் நூலும் தந்தார். தளர்வுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது மேலைநாட்டு முறையை அப்படியே இறக்கவில்லை. சைவர் மந்திரம் சொல்லட்டும், கத்தோலிக்கர் செபமாலை, முஸ்லிம் திக்ர், பௌத்தர் சரணம் என்று அவரவர் வீட்டில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தார். வந்தவரிடம் என்ன இல்லை என்று பார்ப்பதை விட்டு என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம், அவரோடு வேலை செய்தவர்கள் கைக்கு இப்படித்தான் போனது.

பெட்டிச் செய்தி: பாலின்ற் குழு

புடாபெஸ்ட்டில் 1896இல் பிறந்த மைக்கேல் பாலின்ற், இலண்டன் டாவிஸ்டொக் நிலையத்தில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களை வாரம் ஒருமுறை கூட்டினார். ஒருவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றிக் குறிப்பைப் பார்க்காமல் சொல்வார். மற்றவர்கள் அறிவுரை சொல்லாமல், அதைக் கேட்டபோது தமக்கு என்ன தோன்றியது என்பார்கள். 1957இல் வந்த அவரது நூலுக்குப் பின் இந்த முறை உலகெங்கும் பரவியது. கட்டிலும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். கதவுள்ள ஓர் அறை போதும்.

மேலதிகாரியிடம் மனம் திறப்பதா?

மேற்பார்வை இல்லாததன் விளைவுகள் ஊரில் கண்ணுக்குத் தெரியும். முதலாவது, இரகசியம். சின்ன ஊரில் அலுவலரும் சேவை பெறுநரும் ஒரே கடையில் அரிசி வாங்குகிறார்கள், வெருகலம்பதித் திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், தோண்டிப் பார்த்தால் சொந்தமாகவும் இருப்பார்கள். கேட்ட கதையின் பாரம் தாங்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டால் அடுத்த நாள் அது கிணற்றடிக்கு வந்துவிடும். வம்புக்காகச் சொல்வதில்லை, இறக்கிவைக்க வேறு இடமில்லாமல் சொல்வதுதான். ஒரு தடவை அப்படி நடந்தால் அந்த அலுவலரிடம் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாவது, ஓட்டம். கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் வேறு பதவிக்கு மாற்றம் கேட்கிறார்கள், அல்லது வீட்டுத் தரிசிப்பைக் குறைத்துக்கொண்டு கூட்டங்களை நடத்தத் தொடங்குகிறார்கள். கூட்டத்தில் யாரும் அழுவதில்லை.

காட்டு வழியில் நடந்த எட்டு வயதுப் பிள்ளையின் விடயமும் இங்கேதான் வருகிறது. கதிரவெளியைப் பற்றி ஒருவர் சொல்ல, அதே நாளை வேறொரு மரத்தடியில் கழித்த இன்னொருவர் கேட்கிறார். சிலர் கதையை அவசரமாக மூடிவிடுவார்கள். சிலர் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இரண்டும் குற்றமல்ல. ஆனால் எது நடந்தது என்று தனக்கே தெரியாமல் போவது ஆபத்து. அனுபவப்பட்ட சிகிச்சையாளர்களே ஐந்து ஆண்டுக்கொருமுறை மறுபடி பகுப்பாய்வுக்குப் போவது நல்லது என்று 1937இல், தன் 81ஆவது வயதில், பிராய்ட் எழுதினார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நமது அலுவலகங்களில் மேற்பார்வை என்றால் வரவைப் பார்ப்பவர், வாகனச் செலவில் கையெழுத்து வைப்பவர், வருடாந்த மதிப்பீடு எழுதுபவர். அவரிடம் போய் "எனக்கு அந்த வீட்டில் அழுகை வந்துவிட்டது சேர்" என்று எவர் சொல்வார்? எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் அறிக்கை போகும். உளப்பகுப்பாய்வுக் கழகங்களும் இதே பொறியில் விழுந்தவைதான். பயிலுநரின் சொந்தப் பகுப்பாய்வாளரே அவர் தேறிவிட்டாரா என்று கழகத்துக்கு அறிக்கை கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் நெடுநாள் இருந்தது. விளைவு, பயிலுநர்கள் உள்ளதை மறைத்து நல்லபிள்ளை வேடம் போட்டார்கள். பெரும் தர்க்கங்களுக்குப் பிறகு அநேக கழகங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. ஆசான் வேறு, மேலதிகாரி வேறு என்று பிரித்த பிறகுதான் உண்மை பேச்சுக்கு வந்தது.

ஆக, ஈச்சிலம்பற்றுக்குத் தேவைப்படும் ஏற்பாட்டின் உருவம் ஓரளவு தெளிவு. நாலைந்து பேர், மாதம் இரண்டு முறை, கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறை. நடத்துபவர் அதே பிரதேச செயலகத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அங்கே பேசப்படுவது எந்த மதிப்பீட்டிலும் ஏறக் கூடாது. கைத்தொலைபேசி அழைப்பு இடைக்காலத்துக்கு உதவும். முழுமையாக அதையே நம்ப முடியாது, மௌனத்தைத் தொலைபேசியில் கேட்க முடியாது, இணைப்பு அறுந்துவிட்டதென்றே நினைப்போம்.

ஆட்கள் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. ஆழிப்பேரலைக்குப் பின் பயின்று இந்த வேலையில் தாக்குப்பிடித்தவர்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். எந்த வாசலில் எப்படித் தடுமாறினோம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்களில் பலர் 60 வயதை, அரச சேவையில் ஓய்வு பெறும் வயதை, நெருங்குகிறார்கள். ஒரு காலத்தில் கிண்ணியாத் துறையில் பாதைக்குக் காத்திருந்தே அரை நாள் போய்விடும். இன்று அங்கே பாலம் இருப்பதால் அந்தச் சாட்டும் இல்லை, காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பலாம். ஓய்வு பெற்றவர்களை மாதம் இரண்டு நாள் அழைத்துக்கொள்ள மாகாண மட்டத்தில் ஒரு சுற்றறிக்கை வேண்டும். வான் வாடகையும் சிறு கொடுப்பனவும் பெரிய தொகையல்ல. ஒரு மூன்று நாள் செயலமர்வின் மண்டபச் செலவுக்கும் பதாகைக்கும் போகும் காசில் பல மாதங்களை ஓட்டிவிடலாம்.